சகலனின் கல்வெட்டும் ஓர் உறுமலும்

பேசாதபோது அந்தக் கோடு மெல்லியதாக ஓட வேண்டும். ஒலிப்பதிவு மென்பொருளைத் திறந்து, மைக்கின் முன் அமர்ந்து, வாயை மூடிக்கொண்டு பதிவுப் பொத்தானை அழுத்தினால், காற்றில்லாத வேளையில் வாவி கிடப்பதுபோல் திரையில் ஒரு கோடு சலனமின்றிக் கிடக்க வேண்டும். அன்று காலை அப்படிக் கிடக்கவில்லை. இரத்தம் குடித்த அட்டையைப் போலப் பருத்திருந்தது. ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். மூடிய பெட்டிக்குள் வண்டு அடைபட்டதுபோல ஓர் உறுமல். நான் பேசத் தொடங்கினால் அது என் குரலுக்கு அடியில் பதுங்கியது, நிறுத்தினால் தலைதூக்கியது. என் பேச்சு முடியட்டும் என்று யாரோ பொறுமையின்றிக் காத்திருப்பதைப் போலிருந்தது.

வேறு பதிவாக இருந்திருந்தால் இரண்டு நாள் கழித்துப் பார்க்கலாம் என்று மூடி வைத்திருப்பேன். நான் பதிய உட்கார்ந்தது என் சகலனின் கல்வெட்டை. எங்கள் பகுதியில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அமுது கொடுப்போம். அன்று இறந்தவரின் குடியையும் குணத்தையும் நற்செயல்களையும் பாட்டாகக் கட்டி, சிறு புத்தகமாக அச்சிட்டு, சபையில் உரத்து வாசிப்பது வழக்கம். அதைத்தான் கல்வெட்டு என்கிறோம். கல்லில் யாரும் வெட்டுவதில்லை என்றாலும், வாசித்த பிறகு மாற்ற முடியாதது என்பதால் அந்தப் பெயர் பொருத்தமானதே. லண்டனிலிருந்த சகலனின் மகனுக்கு வந்துபோக வழியில்லை. அங்குள்ள உறவினரைக் கூட்டி அதே நாளில் ஒலிபரப்புவதற்காக, என் குரலில் முன்கூட்டியே பதிந்து அனுப்பும்படி கேட்டிருந்தான்.

நானும் சகலனும் நெடுங்காலம் பேசாதவர்கள் என்பது ஊரறிந்த செய்தி. என் ஒலிப்பதிவுகளில் ஒரு செருமல்கூட இராது என்பதும் ஊரறிந்தது. கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்ற பின், மகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய மைக்கையும் சிறிய மிக்சரையும் வைத்துக்கொண்டு, கோயில்களுக்கும் பாடசாலைகளுக்கும் எத்தனையோ பதிவுகள் செய்து கொடுத்திருக்கிறேன். அவற்றில் குறை கண்டவர் இல்லை. இந்த ஒரு பதிவில் மட்டும் உறுமல் கேட்டால் சனம் என்ன சொல்லும் என்பதை ஊகிப்பதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. செத்தவன் மேலும் பகை தீராமல் ஏனோதானோ என்று செய்து அனுப்பியிருக்கிறான் என்பார்கள். நான் கட்டிக்காத்த பெயருக்கு அந்த ஒரு சொல் போதும்.

எங்கள் மாமனாருக்கு இரண்டு பெண்கள். மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்குரியது. ஆண் தன் பெட்டியோடு வந்து சேர்கிறவன். மூத்தவளுக்கு முன்வீடும் இளையவளுக்குப் பின்வீடுமாக ஒரே வளவுக்குள் கட்டினார். முன்வீட்டுக்கு நான் வந்தேன். சில வருடங்களில் பின்வீட்டுக்கு அவன் வந்தான். கச்சேரி என்று நாங்கள் சொல்லும் அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞன், பிற்காலத்தில் தலைமை எழுதுவினைஞன். தேய்த்த வெள்ளைச் சட்டையின் பையில் எப்போதும் சிவப்புப் பேனா ஒன்று எட்டிப் பார்க்கும். வீட்டைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்ப்பான். வாசல் படலை வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு முறை இழுப்பான். கல்யாண அழைப்பிதழ் வந்தால் வாழ்த்துக்கு முன் எழுத்துப்பிழை பார்ப்பான். "வாய்ச்சொல்லுக்கு ரசீது இல்ல அண்ணன்" என்பது அவன் அடிக்கடி சொல்லும் வாசகம். என்னைவிட இளையவன், என்னைவிடக் குறைவாகப் படித்தவன், என்னைவிடக் குறைவாகப் பேசுகிறவன். ஆனால் அவன் பேசியதை மக்கள் திரும்பச் சொன்னார்கள். இதை நான் அப்போதே கவனித்திருந்தேன்.

எங்கள் கோயிலின் நிருவாகச் செயலாளராக அவன் இருந்த ஆண்டொன்றில், திருவிழாவின் கடைசி நாள் சொற்பொழிவு என்னுடையது. சபை நிறைந்திருந்தது. உச்சமான இடத்தை நெருங்கி, குரலை உயர்த்தி, ஒரு கேள்வியைக் கேட்டு நிறுத்தி, விடையைச் சொல்ல வாயைத் திறந்தேன். ஒலிபெருக்கி இறந்துபோயிற்று. மின்சாரம் போய்விட்டது என்றே நினைத்தேன். ஆனால் தலைக்கு மேலே குழல்விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. திரும்பிப் பார்த்தேன். அம்பிளிபயரின் விசையில் சகலனின் விரல் இருந்தது.

"பூசைக்கு நேரமாகிட்டு, சேர்" என்றான்.

வீட்டில் அண்ணன் என்பவன், சபையில் சேர் என்றான். சனம் சிரித்தது. பூசை காத்திருக்கக் கூடாது என்பது எனக்கும் தெரியும். ஒரு துண்டில் எழுதி அனுப்பியிருக்கலாம் என்பதே என் நிலைப்பாடு, அதில் இன்றும் மாற்றமில்லை. அதன் பின் வளவின் நடுவே மதில் எழுந்தது. மின்மானியைப் பிரித்தோம், தென்னைகளைப் பிரித்தோம், கிணற்றுக்கு முறை வைத்தோம். மதிலில் சிறு கதவு ஒன்றை மட்டும் சகோதரிகள் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆண்கள் நாங்கள் அதைப் பாவிக்கவில்லை.

அவன் இறந்த கிழமையில் அவன் மனைவி, என் மைத்துனி, அந்தக் கதவால் வந்து, "அத்தான், கல்வெட்டு நீங்கதான் பாடோணுமாம். படுக்கையில கிடக்கக்கயே சொல்லிப்போட்டார்" என்றாள். நான் உடனே சம்மதித்தேன், மறுப்பது பண்பன்று. ஆனால் அவள் போன பின் நெடுநேரம் யோசித்தேன். நேரில் ஒரு வார்த்தை பேசாதவன், தன்னைப் புகழ்ந்து பாட என்னை ஏன் கேட்க வேண்டும்? என் வாயாலேயே, சபை நடுவே, அரை மணி நேரம் அவனைப் புகழ வைப்பதற்குத்தான். நான் மறுத்தால் சிறியவன், பாடினால் தோற்றவன். கச்சேரியில் பழகிய மூளை வேறெப்படி வேலை செய்யும்? இந்த ஐயத்தோடுதான் பாட்டுகளைக் கட்டினேன். வள்ளல், தர்மசிந்தை உடையோன், நெறி தவறாத நீதிமான் என்று எவருக்கும் பொருந்தும் அடைகளை எடுத்துக் கோத்தேன். யாப்பில் பிழையில்லை. அதற்கு மேல் அவனுக்குக் கொடுக்க மனமில்லை.

அதன் பிறகுதான் உறுமல். முதலில் என் வீட்டையே ஐயுற்றேன். குழல்விளக்கை அணைத்தேன், கோடு மெலியவில்லை. மின்விசிறியை நிறுத்தி வியர்வையில் உட்கார்ந்தேன், மெலியவில்லை. பிரிட்ஜின் செருகியைப் பிடுங்கினேன். மனைவி வந்து நின்றாள்.

"மீன் பழுதாகப் போகுது. சும்மா எல்லாத்தையும் கழட்டிக்கொண்டு திரியாதீங்க."

"ஒரு சத்தம் வருகுது. அது எங்கயிருந்து எண்டு தெரிய வேணும்."

"வாவியில மீன் பாடுற ஊரில சத்தமில்லாம வேணுமெண்டா எங்க போற? போன்ல பதிஞ்சு அனுப்பினா என்ன குறைஞ்சா போயிருவீங்க?"

தொலைபேசியில் பதிவது அரிசி விலை விசாரிப்பவர்களுக்குப் போதும் என்று சொல்லி அவளை அனுப்பினேன். மைக்கின் கம்பியை மாற்றினேன். மிக்சரின் இரும்பு மூடியில் விரல் வைத்தால் உறுமல் சிறிது தணிந்தது, எடுத்தால் எழுந்தது. அந்தச் சலுகை என் ஐயத்தைக் கூட்டியது. ஓர் இயந்திரம் ஏன் என் விரலுக்குப் பயப்பட வேண்டும்? மென்பொருளில் ஒலியின் அலைவரிசைகளை மேடு பள்ளமாகக் காட்டும் படமொன்று உண்டு. அதைத் திறந்தபோது ஐம்பது ஹேர்ட்ஸிலும் நூறிலும் நூற்றைம்பதிலும் பனைபோல் மேடுகள் நின்றன. சுவருக்குள் ஓடும் மின்சாரத்தின் அடையாளம் அது என்று வாசித்திருக்கிறேன். ஆக, வந்தவன் காற்றால் வரவில்லை, கம்பியால் வந்திருக்கிறான். மடிக்கணினியின் பற்றரி செத்து நெடுநாளாயிற்று. சார்ஜரைக் கழற்றினால் அணைந்துவிடும். எனவே சுவரை விட்டு விலகவும் வழியில்லை.

இரைச்சலை நீக்கும் வசதியும் அதில் இருக்கிறது. உறுமல் மட்டும் உள்ள ஒரு துண்டைக் காட்டிக் கொடுத்தால், பதிவு முழுவதிலிருந்தும் அதை உரித்து எடுத்துவிடும். செய்து பார்த்தேன். உறுமல் போயிற்று, கூடவே என் குரலின் அடிவயிறும் போயிற்று. குடத்துக்குள்ளிருந்து யாரோ என்னைப்போல் நடித்துப் பேசுவதுபோல் இருந்தது. அந்தக் குரலை என் பெயரில் வெளியே விட நான் ஒருப்படவில்லை.

பிறகு பழைய பதிவுகளை வரிசையாகத் திறந்து, பேச்சில்லாத இடைவெளிகளை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தேன். சகலன் இறப்பதற்கு முந்திய பதிவுகள் எல்லாவற்றிலும் கோடு மெல்லியது. அவன் இறந்த பின் பதிந்த, இன்னும் வெளியே அனுப்பாத சோதனைப் பதிவுகள் எல்லாவற்றிலும் பருமன். நான் பேய் பிசாசை நம்புகிறவன் அல்லன். மனிதரை நம்பாதவன். பின்வீட்டில் யாரோ என் கம்பியில் ஏதோ செய்திருக்கிறார்கள் என்ற முடிவுக்கு வந்தேன். சகலனின் மூத்த அக்கா அமுது முடியும்வரை தங்குவதற்காக வந்திருந்தார். அம்பிளிபயர் அணைந்த அன்று சபையில் எல்லோரிலும் உரத்துச் சிரித்தவர் அவர்தான்.

ஒரு நாள் காலையில் பதிவை ஓடவிட்டுப் பேசாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முற்பகலில் கோடு திடீரென மெலிந்தது. யன்னலால் எட்டிப் பார்த்தேன். மதிலுக்கு மேலாகப் பின்வீட்டு மண்டபத்தின் யன்னல் தெரிந்தது. உள்ளே மைத்துனி சகலனின் படத்தைத் துடைத்துப் பழைய மாலையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். புது மாலை போட்டு அவள் குனிந்து நிமிர்ந்ததும் கோடு மீண்டும் பருத்தது. மறுநாளும் அப்படியே. கிணற்றடிக்குப் போனேன். மண்ணில் இறக்கிய இரும்புக் கோலிலிருந்து பச்சைக் கம்பிகள் இரண்டு கிளம்பின. ஒன்று என் வீட்டுக்கு வந்தது. மற்றது மதிலின் அடியால் பின்வீட்டுக்குப் போயிற்று. மாமனார் வீடு கட்டிய காலத்தில் இரண்டு வீட்டுக்குமாகப் போட்ட ஒரே ஏர்த். தேங்காய் குரும்பை வரை எண்ணிப் பிரித்த நாங்கள், அதைப் பிரிக்க நினைக்கவில்லை. அங்கே கசிகிற எதுவும் இங்கே வரும்.

மதில் கதவால் நான் போனதைக் கண்டு மண்டபத்தில் பாய் விரித்திருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். மூத்த அக்கா வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"ஆர் இது? வாத்தியாரா? கதவு இரிக்கிறது இப்பதான் கண்ணுக்குத் தெரிஞ்சிதா?"

நான் நேரே படத்தின் முன் போய் நின்றேன்.

கண்ணாடிக்குள் சகலன் சிவப்புப் பேனாவுடன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். படத்தைச் சுற்றிச் சிறு மின்குமிழ்கள் எரிந்தன. கீழே மேசையில், அவற்றுக்கு மின்சாரம் கொடுக்கும் பழைய இரும்புப் பெட்டி ஒன்று. அதன் மேல் கை வைத்தேன். உள்ளங்கையில் துடித்தது. குனிந்து காதைக் கொடுத்தேன். எத்தனையோ நாளாக ஹெட்போனில் நான் துரத்திய அதே சுருதி.

அமுது முடியும்வரை இறந்தவரின் படத்துக்கு முன் விளக்கு அணையக் கூடாது. அது கச்சான் காற்று வீசும் காலம். எண்ணெய் விளக்கு நிற்காது என்று பயந்து மின்குமிழ் கட்டியிருக்கிறார்கள். படம் துடைக்கும்போது மட்டும் மைத்துனி கதவைச் சாத்திக் கைவிளக்கொன்றைக் கொளுத்தி வைத்துவிட்டுச் செருகியைக் கழற்றுகிறாள். என் விரல் அந்தச் செருகிக்கு அருகில் இருந்தது.

"உசிரோட இரிக்கக்க ஒரு பேச்சில்ல" என்றார் மூத்த அக்கா. "இப்ப வந்திட்டார், தம்பிட லைற்ற நூக்கிறதுக்கு. கோவம் இன்னும் தீரல்ல போல கா."

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். நான் கையை எடுத்தேன். மைத்துனி என்னை அடுக்களைப் பக்கம் அழைத்துப்போனாள். விஷயத்தைச் சொன்னேன்.

"இதுக்கா யோசிக்கிறீங்க? நீங்க பதியக்க சொல்லுங்க. கதவுகளச் சாத்திப்போட்டு எண்ணெய் விளக்கு வைக்கிறன். நான் பக்கத்திலயே இரிந்து பாத்துக்கொள்றன். மச்சாள்ட கதைய விடுங்க."

"அது இருக்கட்டும். ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லு. பாட ஆளில்லாமலா என்னைக் கேட்டான்?"

"நானும் கேட்டனான் அத்தான். 'கூட்டாளிமார் பாடினா சனம் நம்பாது. அண்ணன் பொய் சொல்லமாட்டார். அதோட என்னில கோவம். கோவக்காரன் நல்லதெண்டு சொன்னாத்தான் நம்புவாங்கள்' எண்டார்."

"சிரித்துக்கொண்டா சொன்னான்?"

"அவர் எப்ப சிரிச்சவர்?"

வீட்டுக்கு வந்து கட்டிய பாட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு இருந்தேன். என்னைச் சிறுமைப்படுத்தக் கேட்டிருக்கிறான் என்று நினைத்திருந்தேன். என் நாணயத்தைச் சாட்சிக்கு அழைத்திருக்கிறான் என்பது பிறகுதான் தெரிந்தது. அதிலும் தந்திரம் இருந்ததை நான் மறுக்கவில்லை. தலைமை எழுதுவினைஞன் அல்லவா, யார் கையொப்பம் செல்லும் என்று பார்த்தே தாளை நீட்டியிருக்கிறான். ஆனால் செல்லும் கையொப்பம் என்னுடையது என்று எடை போட்டிருந்தான். என் மாணவரில் பலர்கூட அந்த அளவுக்கு என்னை மதித்ததில்லை.

அப்படியானால் நான் சாட்சி சொல்ல முடியாத பாட்டுகளுக்கு இடமில்லை. வள்ளலை அடித்தேன், கிணற்று வாளிக்குக்கூடத் தவணை வைத்தவன் அவன். தர்மசிந்தையை அடித்தேன். எஞ்சியவை சிலவே. கச்சேரிப் படியேறிய எந்த ஏழையிடமும் அவன் லஞ்சத்துக்குக் கை நீட்டியதில்லை. வெள்ளம் வந்த மாரியில் நிவாரணத்துக்கான பெயர்களை எழுதியபோது, தகுதி இருந்தும் தன் வீட்டையும் என் வீட்டையும் கடைசியில் எழுதினான். அன்று எனக்குக் கசந்தது, ஆயினும் அது நேர்மை. கோயில் காசில் அவன் ஒரு தேநீர் குடித்ததை யாரும் கண்டதில்லை. புதிதாக ஒன்றையும் கட்டிச் சேர்த்தேன்:

யார்நின்று பேசினும் பூசைக்கு நேரமென்றால்
சீர்நின்ற கோயிலிலே சிறுபொழுதும் தாழ்த்தறியான்.

பதிய உட்கார்ந்தபோது மைத்துனி கதவடியில் வந்து நின்றாள்.

"விளக்கு மாத்தட்டா அத்தான்?"

எண்ணெய் விளக்கு எரிந்தால் என் பதிவு பளிங்காக இருக்கும். கேட்பவர்கள், பகை மறந்து பெருந்தன்மையோடு பாடியிருக்கிறார் என்பார்கள். இறந்தவனைப் பெருந்தன்மையோடு புகழ்வது எல்லோரும் செய்வதுதான். அந்தப் புகழை யார் நம்புகிறார்கள்? உறுமலோடு அனுப்பினால், கோபம் இன்னும் தீரவில்லை, சிரத்தையின்றிச் செய்திருக்கிறான் என்பார்கள். கோபம் தீராதவன் சொன்ன நல்லதை யாரும் தள்ளிவிட முடியாது. அவன் கேட்டதும் அதுவே. என் பெயருக்கும் அவன் பெயருக்கும் இடையே அந்த இரும்புப் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது.

"வேண்டாம் பிள்ளை. எரியிறது எரியட்டும்" என்றேன்.

எதையும் உரிக்காமல், எதையும் வெட்டாமல், உறுமலோடு அனுப்பினேன். என் பெயரில் குறையோடு வெளியே போன பதிவு அது ஒன்றே. அமுதன்று சபையில் நேரிலும் வாசித்தேன். பூசைப் பாட்டு வந்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு சிரிப்புக் கிளம்பிச் சபை முழுவதும் பரவியது. மூத்த அக்கா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார், பிறகு அப்படியே அழுதார். கல்வெட்டு நீளமின்றிக் கட்டையாகப் போயிற்று என்று சிலர் குறைப்பட்டார்கள். தரகர் ஒருவர் மட்டும் பந்தலில் என் காதுபடச் சொன்னார்: "வாத்தியாருக்கும் அந்தாளுக்கும் ஆகாது. அவரே கை நீட்டாத மனிசன் எண்டு பாடினா, அது மெய்தான்."

லண்டனிலிருந்து வந்த பேச்சுகளும் என் காதுக்கு எட்டாமல் இல்லை. ஒரு நல்ல பதிவு செய்து அனுப்பக்கூட மனம் வரவில்லை என்றார்களாம். மனைவி கொதித்தாள், உள்ளதைச் சொல்லுங்கள் என்றாள். மைத்துனியும் சொல்லட்டுமா என்று கேட்டாள். இருவரையும் தடுத்தேன். ஆண்டுத் திவசமும் கடந்து, சகலனைப் பற்றிய மதிப்பு ஊரில் இறுகிவிட்டபின் இப்போதுதான் எழுதுகிறேன். அதுவரை யாருக்கும் விளக்கம் கொடுக்கவில்லை.

அமுது முடிந்த அன்று பின்னேரம் அவன் மகன் அழைத்தான். அழுதிருக்கிறான் என்பது குரலில் தெரிந்தது. நன்றி சொன்னான், பாட்டுகளைப் பற்றிக் கேட்டான். பின்பு, கேட்கலாமோ கூடாதோ என்று தயங்கித் தயங்கி, "பெரியப்பா, பிழையா நினைக்காதீங்க. அப்பாவில உங்களுக்கு இன்னும் கோவமா?" என்றான்.

"ஓம் மகன்" என்றேன். "ஆனா வாசிச்சதில ஒரு சொல்லும் பொய்யில்ல."